மலைமேல் ஒரு முல்லை

பழந்தமிழர் நிலத்தை ஐவகையாகப் பகுத்தனர். மலை சார்ந்த நிலத்தைக் குறிஞ்சி என்றும், காடு சார்ந்த நிலத்தை முல்லை என்றும் வழங்கினர். முல்லை நிலத்தில் வாழ்ந்தோர் ஆயர். நிரை மேய்த்தலும் பாற்பயன் கொள்ளுதலும் அவர்தம் தொழில். மலையின் உச்சியிலேயே மேய்ச்சல் நிலம் ஒன்று விரிந்து, ஆங்கு நிரை மேய்ப்போரின் குடில்களும் இருக்குமாயின் அதனை என்னென்பது? குறிஞ்சி என்பதா, முல்லை என்பதா? அத்தகைய இடம் நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. அதுவே நீலமலை.

வெள்ளாற்றின் அருகே அமைந்த பழம்பதி பெண்ணாடம். சிவஞானபோதம் அருளிய மெய்கண்டார் தோன்றிய ஊர் அது. அவ்வூர் மாணவர் இருபதின்மர், பொங்கல் விழா முடிந்த பின்னர், தம் தமிழாசிரியருடன் நீலமலைக்குச் சென்றனர். அவருள் ஒருவன் மாடு மேய்க்கும் குடியிற் பிறந்தவன். விடுமுறை நாள்களில் அவனும் ஆற்றுப்படுகைக்கு மாடு ஓட்டிச் செல்வதுண்டு. உடன் பயில்வோர் சிலர் அதனைச் சொல்லி நகைப்பர். அவன் மறுமொழி கூறான். ஆயினும், தந்தையின் தொழில் யாதென எவரேனும் வினவினால், 'பயிர்த்தொழில்' என்று மட்டும் மெல்லச் சொல்லித் தலைகுனிவான்.

விருத்தாசலம், சேலம், கோயம்புத்தூர் வழியாக மேட்டுப்பாளையம் சேர்ந்து, அங்கிருந்து அனைவரும் மலைப்புகைவண்டி ஏறினர். அவ்வண்டி 1899-ஆம் ஆண்டு குன்னூர் வரையிலும், 1908-ஆம் ஆண்டு உதகமண்டலம் வரையிலும் ஓடத் தொடங்கியது. செங்குத்தான பகுதியில், தண்டவாளங்களின் நடுவே பதித்த பற்சட்டத்தை வண்டியின் பற்சக்கரம் பற்றிப் பற்றி மேலேறும். மாலையில் உதகையை அடைந்தபோது மாணவர் பற்கள் குளிரால் ஒன்றோடொன்று மோதின.

மறுநாள் விடியலில் புல்லெல்லாம் வெண்ணிறமாய் இருந்தது. 'உப்புத் தூவினாற்போல் உள்ளதே' என்று மாணவர் வியந்தனர். அஃது உறைபனி. கதிரவன் எழுந்ததும் அது நீராய் உருகி ஓடிற்று. 1848-ஆம் ஆண்டில் அமைக்கப்பெறத் தொடங்கிய அரசினர் தாவரவியற் பூங்காவின் வழியே அவர்கள் மேலேறினர். வனத்துறையின் இசைவு பெற்றமையால் வனக்காவலர் ஒருவர் வழிகாட்டியாய் உடன் வந்தார்.

பூங்காவின் மேற்புறத்தே தோடர் மந்து ஒன்று உள்ளது. தோடர் என்போர் நெடுங்காலமாக நீலமலையில் எருமை மேய்த்து வாழும் மக்கள். அவர்தம் மொழி தமிழோடு உறவுடைய திராவிட மொழி. அவர்கள் வாழிடத்தை நாம் மந்து என்கிறோம். ஆசிரியர் அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதுவார்போல் விரலாற் காற்றில் எழுதிக் காட்டி, "மன்று என்னும் தமிழ்ச்சொல் அவை கூடும் இடத்தையும் குறிக்கும், மாட்டுத்தொழுவத்தையும் குறிக்கும். மந்தை என்னும் சொல்லும் மந்து என்னும் சொல்லும் அதனோடு உறவுடையன. நிரை கூடிய இடத்திலேயே மக்களும் கூடினர் என்பதற்கு இச்சொற்களே சான்று. உதகமண்டலம் என்னும் பெயரும் ஒற்றைக்கல் மந்து என்பதன் திரிபே என்பர்" என்றார்.

தோடர் இன்று பெரும்பாலும் செங்கற்சுவர் வீடுகளில் வாழ்கின்றனர். பழைய வடிவிலான குடில்கள் ஒருசிலவே எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்றன்முன் மாணவர் நின்றனர். மூங்கிலையும் பிரம்பையும் வில்லென வளைத்து, மேலே புல் வேய்ந்த குடில் அது. கூரையே சுவராய்த் தரைவரை இறங்கியிருந்தது. வாயிலின் உயரம் ஏறக்குறைய மூன்றடி; தவழ்ந்துதான் உள்ளே புகுதல் வேண்டும். குளிரையும் விலங்கையும் தடுக்கவே வாயில் இத்துணைச் சிறிதாய் அமைந்தது.

"ஐயா, நம் ஊர்க் கோயிலின் விமானம் போன்றன்றோ இக்கூரை வளைந்துள்ளது!" என்றாள் ஒரு மாணவி. பெண்ணாடத்துக் கோயிலுக்குத் திருத்தூங்கானை மாடம் என்பது பெயர். உறங்கும் யானையின் முதுகுபோல் அதன் விமானம் வளைந்திருக்கும். "நன்கு கண்டாய், அம்மா. அது கல்லும் சுதையும்; இது மூங்கிலும் புல்லும். வளைவு ஒன்றே" என்றார் ஆசிரியர்.

குடிலின் அருகே பூத்தையல் இட்ட வெண்போர்வை போர்த்த தோடர் முதியவர் ஒருவர் இருந்தார். செந்நூலும் கருநூலும் கொண்டு தோடர் மகளிர் இடும் அத்தையலுக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. சற்றுத் தொலைவில் ஒரு கட்டடத்தைச் சுட்டி, "அது எங்கள் பாற்கோயில். பிறர் உள்ளே புகலாகாது. அங்கே எருமை கறப்பதும் தயிர் கடைவதும் வழிபாடு. அதற்கெனத் தூய்மை காக்கும் பூசாரியே அதனைச் செய்வார்" என்று முதியவர் தமிழிற் கூறினார்.

மாடு மேய்க்கும் குடியில் வந்த மாணவன் ஓரடி முன்வந்தான். "ஐயா, பால் கறப்பவரா பூசாரி?" என்று வினவினான்.

"ஆம் தம்பி. பால் கறப்பதினும் பெரிய பூசை எங்களுக்கு வேறு இல்லை" என்றார் அவர். அம்மாணவன் வேறொன்றும் பேசவில்லை. எல்லாரும் புறப்பட்ட பின்னரும் அவன் சிறிதுநேரம் அங்கேயே நின்று, பிறகு ஓடிவந்து சேர்ந்துகொண்டான்.

வழி கடுமையானதன்று. உதகையினின்று தொட்டபெட்டாவின் உச்சி ஏறக்குறைய நானூறு மீட்டரே உயர்ந்தது. ஆயினும் காற்று மெலிந்திருந்தமையால் மூச்சு வாங்கிற்று. "விரைந்து ஏறுபவர் முதலில் களைப்பர், ஒரே சீராய் நடப்பவரே உச்சி காண்பர்" என்று வனக்காவலர் அறிவுறுத்தினார். முதலில் தைலமரமும் சீகைமரமும் செறிந்த பகுதி வந்தது. பின்னர் மலைமடிப்பில் சோலை ஒன்று தோன்றிற்று. மரங்களின்மீது பாசி படர்ந்திருந்தது, ஈரம் சொட்டிற்று. சோலையைக் கடந்ததும் காட்டுப்பூவரசின் செம்மலர்கள் இடையிடையே ஒளிரும் திறந்த புற்சரிவு விரிந்தது.

"இத்துணை நிலம் மரமின்றித் தரிசாய்க் கிடக்கின்றதே!" என்றான் ஒருவன்.

வனக்காவலர் நகைத்தார். "தம்பி, வெள்ளையரும் அவ்வாறே எண்ணினர். புல்வெளியைப் பாழ்நிலம் என்று கருதி, அயல்நாட்டுச் சீகையையும் தைலமரத்தையும் கொணர்ந்து நட்டனர். நாடு விடுதலை பெற்ற பின்னரும் அந்நடவு நெடுங்காலம் தொடர்ந்தது. நீங்கள் கடந்துவந்த தோப்பைப் போன்ற பலவும் முன்னாளில் புல்வெளியே. இங்கே உறைபனியும் கடுங்காற்றும் மிகுதி. சோலைமரத்தின் இளங்கன்று திறந்த வெளியில் பனிக்குக் கருகிவிடும். ஆதலால் மடிப்பில் சோலையும் சரிவில் புல்லும் இயற்கையாகவே அமைந்தன. மழைநீரைப் புல்லின் வேர்களும் சோலையின் மண்ணும் உறிஞ்சிக்கொண்டு, கோடையிலும் சிறிது சிறிதாய் ஊற்றாக விடும். இன்று அயல்மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்க வனத்துறை முயல்கிறது. அழித்தது எளிது, மீட்பது அரிது."

"அவ்வாறாயின், எருமைகள் மேய்ந்து புல்லை அழித்துவிடாவோ?" என்று மற்றொருவன் வினவினான். எவரும் விடை கூறவில்லை. அப்பொழுது மாடு மேய்க்கும் மாணவன் தானே வாய் திறந்தான். "ஒரே இடத்தில் நாள்தோறும் மேய்த்தால் அழியும். என் அப்பா மாடு மேய்ப்பவர். படுகையில் ஓரிடத்தை மேய்த்தபின், புல் மீண்டும் தலையெடுக்கும்வரை வேறிடத்திற்கு ஓட்டுவார். மேய்ப்பவனுக்குப் புல்லின் வயது தெரியும்."

"உண்மை! தோடரும் வறண்ட திங்கள்களில் மழை மிகுந்த குந்தா மலைப்பக்கத்திற்கு எருமைகளை ஓட்டிச் செல்லும் வழக்கம் உடையவரே" என்றார் வனக்காவலர். நகைத்துப் பழகியவர் அன்று நகைக்கவில்லை.

நண்பகலுக்கு முன் உச்சியை அடைந்தனர். தொட்டபெட்டா என்றால் பெரிய மலை என்பது பொருள். கடல்மட்டத்திற்கு மேல் 2,637 மீட்டர் உயர்ந்த அதுவே தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரம். கீழே உதகை சிற்றூராய்த் தெரிந்தது. மலைகள் அலையலையாய் விரிந்தன. "நம் வெள்ளாறு இம்மலையிற் பிறப்பதன்று. எனினும் இங்கு ஊறும் நீர் மோயாற்றிலும் பவானியிலும் கலந்து காவிரியை அடைகிறது. காவிரி நீர் கொள்ளிடம் வழியாகக் கீழணை சேர்ந்து, வடவாற்றால் நம் மாவட்டத்து வீராணம் ஏரியை நிரப்புகிறது. அவ்வேரி வயலுக்கும் நீர் தருகிறது. சென்னை மாநகர்க்கும் குடிநீர் தருகிறது. தரிசு என்று நாம் எண்ணிய புல்லின் கொடையும் அதில் உண்டு" என்றார் ஆசிரியர். அதற்குள் வெண்மஞ்சு மேலெழுந்து எதிர்நின்றாரையும் மறைத்தது. வனக்காவலர் சொற்படி அனைவரும் ஒருவர் பின் ஒருவராய் இறங்கினர்.

ஊர் திரும்பிய பின்னர், பள்ளியில் ஒரு படிவம் நிரப்பவேண்டி வந்தது. அதில் தந்தையின் தொழில் என்னும் இடத்தில் அம்மாணவன் தயங்காமல் எழுதினான்: 'மாடு மேய்த்தல்.' படிவத்தைப் பெற்ற ஆசிரியர் அவ்வெழுத்தை ஒருமுறைக்கு இருமுறை நோக்கினார். அது முன்னையினும் பெரிதாகவும் தெளிவாகவும் இருந்தது.

புல்லைத் தரிசு என்பதும், அதனைக் காக்கும் தொழிலை இழிவு என்பதும் ஒரே அறியாமையின் இரு கிளைகள். மலையேறிக் காண்போர்க்கு அவ்வறியாமை அகலும்.