டானிக் பாட்டிலும் தெளிக்காத நாலு தூணும்

நாசிக்கில் திராட்சைக்கொடி வருடத்துக்கு ஒரு மகசூல் கொடுத்துவிட்டு ஓய்வெடுக்கும். கம்பம் பக்கத்து எங்கள் கூடலூரில் அதற்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கவாத்து வெட்டினால் நாலு மாதத்தில் பழம், அறுத்து முடித்துக் கொஞ்ச நாளில் மறுபடி கவாத்து. வருடத்துக்கு மூன்று வெட்டுகூட எடுக்கிறோம். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சைக்குப் பெருமையே வருடம் முழுக்கக் கிடைக்கிறது என்பதுதான். ஆனால் ஆடிக்காற்று, ஐப்பசி அடைமழை, மார்கழிப் பனி, சித்திரை வெயில் என்று ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு மகசூலின் தலையில் விழுந்தே தீரும். அதனால்தான் இங்கே எந்த மருந்துக்கடைக்குப் போனாலும் அலமாரியில் பாதி டானிக் பாட்டில்.

கடல்பாசி, ஹியூமிக், அமினோ, சிலிக்கான், பாக்டீரியா பாக்கெட் எல்லாவற்றையும் நாங்கள் டானிக் என்றே சொல்லிவிடுகிறோம். உரம் என்றால் சத்து. பூஞ்சணக்கொல்லி என்றால் நோயைக் கொல்வது. இவை இரண்டிலும் சேராது. கொடி தானாகச் செய்கிற வேலையை, அதாவது வேர்விடுவது, வெயிலைத் தாங்குவது, நோய் வந்தால் எதிர்ப்பது போன்றவற்றைக் கொஞ்சம் முடுக்கிவிடும். முடுக்கிவிடத்தான் முடியும். வயிறு காய்ந்த கொடிக்கு எந்த டானிக்கும் சோறு ஆகாது. மண்ணில் தொழு உரமும் சாம்பல் சத்தும் இல்லாத தோட்டத்தில் இதை அடிப்பதைவிட அந்தக் காசுக்கு ஒரு டிராக்டர் எரு வாங்கிப் போடுவேன்.

அப்படியானால் எது வேலை செய்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: தெளிக்காத இடம் ஒன்றை விடுங்கள். எல்லாக் கொடிக்கும் அடித்துவிட்டு "இந்த வருஷம் நல்லா வந்துச்சுப்பா" என்று சொன்னால், வந்தது டானிக்காலா, மழையாலா, போன தடவை போட்ட எருவாலா என்று யாருக்கும் தெரியாது. கம்பெனிக்காரருக்கும் தெரியாது.

பந்தலில் ஒரு வரிசையை மட்டும் விட்டால் பயன் இல்லை. மேலே போனதும் பக்கத்துக் கொடியும் இதுவும் பின்னிக்கொள்ளும். நான் நாலு கல்தூணுக்கு நடுவே ஒரு சதுரத்தை விடுவேன், தூணில் சிவப்புத் துணி கட்டி. அதற்குள்ளும் நடுவில் இருக்கும் கொடிகளை மட்டுமே கணக்கில் எடுப்பேன். ஆனியிலிருந்து ஆவணி வரை குமுளிக் கணவாய்ப் பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டு வரும். அந்த மாதங்களில் சதுரத்தைத் தோட்டத்தின் மேற்கே வைக்க வேண்டும். கிழக்கே வைத்தால் அடித்த மருந்தில் பாதி அங்கே போய் இறங்கிவிடும். அந்தச் சதுரத்துக்குப் பூஞ்சணக்கொல்லி, உரம், தண்ணீர் எல்லாம் மற்ற கொடிகளைப் போலவே. டானிக் ஒன்றுதான் கிடையாது. மருந்தடிக்க வருகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் "பாவம், இதை மட்டும் விட்டுட்டீங்களேண்ணே" என்று அவராகவே அடித்துவிடுவார்.

அறுவடையன்று அந்தச் சதுரத்துப் பழம் தனிப் பெட்டி. எடை ஒரு பக்கம், சர்க்கரை ஒரு பக்கம். சர்க்கரை பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கையடக்கக் குழாய்தான், பெரிய விலை இல்லை. கொத்தின் மேல் மணி, நடு மணி, நுனி மணி மூன்றையும் நசுக்கி ஒரு துளி விட்டுப் பார்க்க வேண்டும். மேல் மணியை மட்டும் பார்த்தால் கொத்து எப்போதும் இனிப்பாகத்தான் இருக்கும்.

இப்படி விட்டுப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டவற்றைச் சொல்கிறேன். கடல்பாசி முதலில். மண்டபம், பாம்பன் பக்கம் மகளிர் குழுக்கள் மூங்கில் தெப்பம் கட்டிக் கப்பாபைகஸ் என்ற பாசியை வளர்க்கிறார்கள். அதைப் பச்சையாகப் பிழிந்து சாறு எடுத்துவிட்டு, சக்கையிலிருந்து கேராஜீனன் என்ற கூழ்ப்பொருளை எடுக்கும் முறையைப் பாவ்நகரில் இருக்கும் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது. அந்தச் சாற்றில் பொட்டாஷ் இருக்கிறது. செல் பிரிவைத் தூண்டும் சைட்டோகைனின் இருக்கிறது. வறட்சியில் செல்லுக்குள் தண்ணீரைப் பிடித்துவைக்க உதவும் பீட்டெய்ன் இருக்கிறது. என் தோட்டத்தில் பருவம் நன்றாக இருந்த மகசூலில் அடித்ததற்கும் அடிக்காததற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. மாசியில் கவாத்து வெட்டிச் சித்திரை வெயிலில் காய் பிடித்த மகசூலில் வித்தியாசம் தெரிந்தது. அடித்த பக்கம் மதிய வெயிலில் இலை சுருளவில்லை, மணி உதிர்வதும் குறைந்தது. ஆகவே எனக்கு இது கோடை மகசூலுக்கான செலவு மட்டும். துளிர் நாலைந்து இலை விட்டதும் ஒன்று, பூப்பதற்கு முன் ஒன்று. வெயில் வாட்டிய பிறகு அல்ல, வாட்டுவதற்கு முன். இலை வாடிப்போன பின் அடிப்பதால் மனசு ஆறுமே தவிரக் கொடி ஆறாது.

வானம் பொய்க்கும்போது பயன்படுகிற இன்னொன்று கோவை வேளாண் பல்கலைக்கழகம் கொடுக்கும் பி.பி.எஃப்.எம். என்ற இளஞ்சிவப்பு பாக்டீரியா. லிட்டருக்கு 10 மில்லி, சாயங்காலத் தெளிப்பு. விலை குறைவு என்பதாலோ என்னவோ யாரும் அதைச் சிபாரிசு செய்வதில்லை.

ஹியூமிக் அமிலம் பழுப்பு நிலக்கரியிலிருந்து வருவது, கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி அதன் பொட்டாசியம் உப்பு. எனக்கு இரண்டு துண்டு நிலம். ஒன்று செம்மண், சரளை. இன்னொன்றில் அப்பா காலத்திலிருந்து கிடை போட்டு எரு அடித்த மண். சரளையில் ஹியூமிக் விட்ட இடத்தில் மண்ணைக் கிளறினால் வெள்ளை வேர் கூடுதலாக இருக்கும். எருவடித்த மண்ணில் ஒன்றும் இல்லை, ஏனென்றால் அது ஏற்கெனவே அங்கே இருக்கிறது. சொட்டுநீரில் விடுகிறவர்கள் கால்சியம் நைட்ரேட் கலந்த அதே டிரம்மில் இதைக் கலக்கக் கூடாது. திரிந்து கட்டியாகிச் சொட்டுவாய் எல்லாம் அடைத்துக்கொள்ளும். ஒரு நாள் விட்டுக் கொடுங்கள்.

அமினோ அமிலத்தைப் பற்றி ஒரே எச்சரிக்கை. கவாத்து வெட்டியதும் போர்டோ கலவை அடிப்பது நம் வழக்கம். செம்பு மருந்தோடு அமினோவைச் சேர்த்தாலோ அடுத்தடுத்த நாளில் அடித்தாலோ, அமினோ செம்பைப் பிடித்துக்கொண்டு இலைக்குள் இழுத்துச் செல்லும், இளந்தளிர் கருகும். உயிருள்ள சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா பாக்கெட்டுகளுக்கும் செம்பு ஆகாது, அவற்றைக் கொன்றுவிடும். ஒரே டேங்கில் நாலைந்தைக் கலந்து கூலி மிச்சம் பிடிக்கும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போனது. இந்த வகைப் பொருட்களில் அந்தக் கணக்கு சரிவராது.

நோய்க்கு வருவோம். பன்னீரைப் படுத்துவது அடிச்சாம்பலும் சாம்பலும். இங்கேதான் 'ஆக்டிவேட்டர்' என்ற இன்னொரு வகை வருகிறது. செடிக்கும் தற்காப்பு உண்டு என்பதை 1961இல் அமெரிக்காவின் ஃபிராங்க் ராஸ் புகையிலையில் காட்டினார். அடி இலைகளில் தேமல் வைரஸை ஏற்றிவிட்டுப் பிறகு மேல் இலைகளில் ஏற்றினால் அங்கே நோய் அவ்வளவாகப் பரவவில்லை. அடி இலையிலிருந்து மேல் இலைக்குச் செய்தி போயிருக்கிறது. இந்தச் செய்தியை நோய் இல்லாமலே அனுப்பும் பொருட்கள் பின்னால் வந்தன. ஜப்பானில் நெல் குலைநோய்க்கு 1970களின் நடுவிலிருந்தே புரோபெனசோல் போடுகிறார்கள். 1990களில் அசிபென்சோலார் வந்தது. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான், பழுப்புப் பாசியில் இருக்கும் லேமினாரின், வேரில் குடியேறும் சூடோமோனாஸ் எல்லாம் வெவ்வேறு வழியில் அதே கதவைத் தட்டுகிறவைதான்.

வாங்கும் முன் மூன்று விஷயம் புரிய வேண்டும். செய்தி போய்க் கொடி தயாராகச் சில நாள் ஆகும். ஆகவே மழை வரப்போகிறது என்று வானிலை அறிக்கை சொல்லும்போது அடிக்க வேண்டும். இலையில் எண்ணெய்ப் புள்ளி விழுந்த பிறகு அடிக்க வேண்டியது பூஞ்சணக்கொல்லி. அடுத்து, தற்காப்புக்குக் கொடி தன் சத்தைத்தான் செலவழிக்கிறது. தழைச்சத்து குறைந்து மஞ்சளாக நிற்கும் கொடியை இப்படி உசுப்பினால் நோயும் குறையலாம், மகசூலும் குறையலாம். மூன்றாவது, எந்த ஆக்டிவேட்டரும் முழுக் காப்பு இல்லை. ஐப்பசியில் விடாமல் பெய்த ஒரு வாரத்தில் அடித்த பக்கமும் அடிக்காத பக்கமும் எனக்கு அடிச்சாம்பல் வந்தது. ஆனால் மழை விட்டு விட்டுப் பெய்த மகசூலில் அடித்த பக்கம் நோய் தாமதித்தது. பூஞ்சணக்கொல்லித் தெளிப்பு ஒன்று மிச்சமானது. அறுவடை நெருக்கத்தில் அப்படி ஒன்று மிச்சமாவது பெரிய விஷயம். பழத்தைக் கழுவாமல் தின்கிற ஊர் நம் ஊர்.

மார்கழி, தைப் பனியில் சிலிக்கானை நம்புகிறேன். செடி சிலிக்கானை மேல்தோலுக்கு அடியில் படியவைக்கிறது. இலை தொட்டால் விறைப்பாக இருக்கும், சாம்பல் நோய் உள்ளே இறங்கத் திணறும். நனையும் கந்தகம் வேண்டாம் என்று இதனால் சொல்லிவிட முடியாது, கந்தகத்தின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். பொட்டாசியம் சிலிக்கேட் காரம் அதிகம். அதைத் தனியாகத்தான் அடிக்க வேண்டும்.

பழத்தின் தரத்தைப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். பன்னீரின் தீராத நோவு ஒரே கொத்தில் கறுப்பும் பச்சையுமாக மணி நிற்பது. இதற்கென்று விலை கூடிய பாட்டில் விற்கிறார்கள். பல்கலைக்கழகம் சொல்வது சாதாரண பொட்டாசியம் குளோரைடு, லிட்டருக்கு 2 கிராம், மணி பிடித்த 20ஆம் நாளும் 40ஆம் நாளும். கூடவே நன்றாக முற்றிய குச்சியாகப் பார்த்துக் கவாத்து வெட்டுவது. என் தெளிக்காத சதுரத்தில் இந்த இரண்டையும் செய்தபோது, 'கலர் டானிக்' அடித்த பக்கத்துக்கும் அதற்கும் நிறத்தில் வித்தியாசமே இல்லை. மணியைப் பெருக்கும் பாட்டில் இன்னும் மோசம். எந்த டானிக் அடித்து மூன்றே நாளில் கொடி எகிறுகிறதோ, அதில் சொல்லாமல் ஜிப்ரலிக் அமிலம் கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுவேன். விதையில்லா ரகத்துக்கு அதைத் தெரிந்தே கொடுக்கிறார்கள், அது வேறு. பன்னீர் விற்பது பருமனால் இல்லை, வாசனையாலும் சாற்றாலும். கேரளாவிலிருந்து வருகிற வியாபாரி ஒரு மணியை வாயில் போட்டுவிட்டு, "சேட்டா, போன தடவ உள்ள ருசி இல்லியே" என்று விலையை இறக்கிவிடுவார்.

டானிக்கில் சொல்லாமல் எதையோ கலக்கிறார்களோ என்ற சந்தேகம் எனக்கு மட்டும் வந்ததில்லை. பல காலம் இந்தப் பொருட்களுக்குச் சட்டமே கிடையாது. உரமும் அல்ல, பூச்சிமருந்தும் அல்ல என்ற இடுக்கில் யார் வேண்டுமானாலும் விற்றார்கள். 2021 பிப்ரவரியில்தான் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தார்கள். அதன்படி பூச்சிமருந்து எச்சம் 0.01 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது. எந்தப் பயிருக்கு என்று சோதித்துக் காட்ட வேண்டும். தற்காலிகப் பதிவில் ஓடிக்கொண்டிருந்தவற்றின் கெடு 2025 ஜூனில் முடிந்தது. அடுத்த மாதமே மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் சொன்ன கணக்கு: ஒரு காலத்தில் சுமார் 30,000 பொருட்கள் சந்தையில் இருந்தன; கெடுபிடிக்குப் பிறகு ஏறக்குறைய 650. மீதி அத்தனையும் யார் தோட்டத்தில் ஊற்றப்பட்டன என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே பாட்டிலைக் கையில் எடுத்ததும் நான் பார்ப்பது லேபிளின் முன்பக்கப் படத்தை அல்ல. பின்பக்கத்தில் உள்ளடக்கம் சதவீதத்தில் இருக்கிறதா, பயிர் பெயர் இருக்கிறதா, தயாரித்த தேதி, தொகுதி எண் இருக்கிறதா, கடைக்காரர் அந்த எண்ணோடு பில் போடுவாரா. பில் இல்லை என்றால் பாட்டில் இல்லை. யூரியா கேட்கப் போன இடத்தில், "அண்ணே, இந்த டானிக்கும் சேத்து எடுத்தாத்தான் மூட்டை" என்று எனக்குச் சொன்னதுண்டு. இப்படிக் கட்டாயப்படுத்தி விற்பது தவறு. வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். எழுதிக் கொடுப்பேன் என்று சொன்னாலே பல நேரம் மூட்டை தனியாக வந்துவிடுகிறது.

வீட்டிலேயே செய்கிற பஞ்சகவ்யத்தையும் மீன் அமிலத்தையும் விட்டுவிட்டுப் பேசினால் எங்கள் மாமா கோபித்துக்கொள்வார். கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யம் 10 லிட்டருக்கு 300 மில்லி என்ற அளவில் இங்கே பலரும் அடிக்கிறார்கள். நானும் சதுரம் விட்டுப் பார்த்தேன். தளிர் பருவத்தில் பச்சை கூடுகிறது, உண்மை. ஆனால் ஒவ்வொரு தயாரிப்பும் ஒவ்வொரு மாதிரி. போன தடவை கிடைத்த பலன் இந்தத் தடவை கிடைக்கும் என்று சொல்ல முடிவதில்லை. மணி பெருத்த பிறகு கொத்தின் மேல் அடிக்க மாட்டேன், பழத்தின் மேல் பூக்கும் வெள்ளை மாவு அழிந்துபோய்ச் சந்தையில் பழசு மாதிரித் தெரியும். இது கடை டானிக்குக்கும் பொருந்தும்.

புதிதாகத் தொடங்குகிறவர் எல்லாவற்றையும் ஒரே மகசூலில் பார்க்க வேண்டாம். கோடை மகசூல் என்றால் கடல்பாசி, பனிக்கால மகசூல் என்றால் சிலிக்கான், ஒரு தடவைக்கு ஒன்று. சந்தேகம் வந்தால் ஆனைமலையன்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, காமாட்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. போகும்போது லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்; தெளிக்காத சதுரத்தின் எடைச்சீட்டும் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் விஷயத்துக்கு வரும்.