கையடக்க இம்பேக்ட் டிரைவர்: வாங்கும் முன்பும் விரலை அழுத்தும் முன்பும்



தைப்பூசத்துக்குப் பந்தல் போடும் வேலை தொடங்கிவிட்டால் நம் பிள்ளைகள் கையில் என்னென்ன இருக்கிறது என்று நான் கவனித்துப் பார்ப்பேன். முன்பெல்லாம் ஆளுக்கொரு சுத்தியல், ஒரு டப்பா ஆணி. இப்போது பாதிப் பேர் இடுப்பில் பேட்டரி போட்ட இம்பேக்ட் டிரைவர் தொங்குகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அதை வாங்கியவர்களில் பலருக்கு அது என்ன செய்கிறது என்று தெரியாது. எனக்கும் ஒரு காலத்தில் தெரியாது. அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை, ஒரு பாட்டி கொடுத்தார். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மோட்டார்சைக்கிள் பட்டறையில் போய் "இம்பேக்ட் டிரைவர்" என்று கேட்டால், ஒரு கனமான இரும்புத் தண்டை எடுத்துக் கொடுப்பார்கள். அதன் பின்பக்கத்தில் சுத்தியலால் அடித்தால் முனை கொஞ்சம் திரும்பும். துருப்பிடித்து இறுகிய திருகாணியைக் கழற்ற உதவும். நான் பேசுவது அதைப் பற்றி அல்ல. பேட்டரியில் ஓடும், கைத்துப்பாக்கி மாதிரி இருக்கும் சின்ன மெஷினைப் பற்றி. பெயர் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் உண்டு, இரண்டுமே அடித்துத்தான் திருப்புகின்றன.

எப்படி என்று பாருங்கள். மெஷின் உள்ளே மோட்டார், பற்சக்கரங்கள், அதற்கு முன்னால் ஒரு சின்னச் சுத்தியல், ஒரு பட்டடை, நடுவில் ஒரு ஸ்பிரிங். திருகாணி சுலபமாக இறங்கும்வரை எல்லாம் சேர்ந்து சும்மா சுற்றும். திருகாணி அடம்பிடிக்கத் தொடங்கியதும் சுத்தியல் பின்னால் நழுவி, ஸ்பிரிங் அழுத்தத்தில் பாய்ந்து வந்து பட்டடையைப் பக்கவாட்டில் அடிக்கும். நிமிடத்துக்கு 3,000 தடவைக்கும் மேல் அடிக்கும் மெஷின்கள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. நம் காதில் விழும் "டர்ர்ர்" அந்த அடிகளின் சத்தம்தான்.

அடி விழுவது சுற்றும் திசையில். முன்னோக்கி அல்ல. அதனால்தான் இதை வைத்துக் கான்கிரீட் சுவரில் துளை போட முடியாது. "இம்பேக்ட் என்று எழுதியிருக்கிறதே அண்ணே" என்று ஒரு தம்பி அரை மணி நேரம் சுவரோடு மல்லுக்கட்டியதைப் பார்த்திருக்கிறேன். சுவருக்கு ஹேமர் டிரில் வேண்டும், அது வேறு மெஷின்.

சாதாரண டிரில்லுக்கும் இதற்கும் இன்னொரு வித்தியாசம் இருக்கிறது. இதைத்தான் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். டிரில்லின் கழுத்தில் 1, 2, 3 என்று எண்கள் போட்ட வளையம் இருக்கும். அது கிளட்ச். குறிப்பிட்ட இறுக்கம் வந்ததும் "டக் டக்" என்று நழுவி, இதோடு போதும் என்று நமக்குச் சொல்லிவிடும். இம்பேக்ட் டிரைவரில் அந்த வளையம் இல்லை. போதும் என்று சொல்ல உள்ளே யாரும் இல்லை. நம் விரல்தான் சொல்ல வேண்டும். அதுவுமில்லாமல், டிரில் என்றால் இறுகும்போது மணிக்கட்டை முறுக்கும், நமக்கே தெரிந்துவிடும். இதிலோ அடியாகப் போய்விடுவதால் கைக்கு ஒன்றும் தெரியாது. எவ்வளவு பெரிய வேலை நடக்கிறது என்று உணராமலே அழுத்திக்கொண்டிருப்போம்.

இப்போது பாட்டி கதை.

எனக்கு அப்போது 22 வயது. பட்டர்வொர்த்தில் ஒரு கேபினட் கடையில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். தவுக்கே கொடுத்த மெஷின் கையில் இருந்ததால் பெரிய ஆள் என்ற நினைப்பு. பினாங்கு ஜாலான் உத்தாமாவில் எங்கள் பிள்ளைகள் தண்ணீர்ப் பந்தல் போட்டார்கள். முன்பக்கம் இரண்டு படி வைக்கும் வேலையை நான் வாங்கிக்கொண்டேன். இடித்த பழைய வீட்டிலிருந்து பாலாவ் கட்டைகள் இலவசமாகக் கிடைத்திருந்தன. பாலாவ் எப்படிப்பட்ட மரம் என்று தெரிந்தவர்களுக்கு இப்போதே வயிற்றைக் கலக்கும். இரும்பு மாதிரி இருக்கும். துருப்பிடிக்கக் கூடாது என்று எவர்சில்வர் திருகாணி வாங்கினேன். துளை போடவில்லை. மெஷின் இருக்கும்போது துளை எதற்கு?

எல்லாம் "டர்ர்ர்" என்று இறங்கின. சில திருகாணிகள் கடைசியில் "டிக்" என்று ஒரு சத்தம் கொடுத்தன. நன்றாக இறுகிவிட்டது என்று நினைத்தேன். பந்தலுக்கு உதவ வந்திருந்த ஆசாரி மாமா ஒருவர், "தம்பி, துளை போட்டியா?" என்று கேட்டார். "இது பவர் மெஷின் மாமா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

பூசத்தன்று மத்தியானம், கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தது. மோர் வாங்க ஒரு பாட்டி படியில் கால் வைத்தார். பலகை ஒருபக்கம் சரிந்தது. விழுந்தவரைப் பின்னால் நின்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள், இல்லையென்றால் என்ன ஆகியிருக்குமோ. கணுக்கால் வீங்கிவிட்டது. அந்த வலியிலும் "பரவாயில்லைய்யா" என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னதுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சாயங்காலம் பலகையைத் தூக்கிப் பார்த்தோம். அந்தப் பக்கத்து ஆறு திருகாணிகளில் நான்கு, தலைக்குக் கீழே முறிந்திருந்தன. முறிந்த தலை குழியிலேயே அழகாக உட்கார்ந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். நான் கேட்ட "டிக்" சத்தம் இறுகிய சத்தம் அல்ல, முறிந்த சத்தம். ஆசாரி மாமா அப்போதும் திட்டவில்லை. "மெஷினுக்குக் கண்ணு கிடையாதுடா. நீதான் பார்க்கணும்" என்றார். திட்டியிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஏன் முறிந்தது? மெஷின் பெட்டிமேல் 170 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கும். இது முறுக்கு விசையின் அளவு. ஒரு மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 10 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டால் ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர் வரும். 4 மில்லிமீட்டர் மரத் திருகாணி ஒன்று வெறும் சில நியூட்டன் மீட்டரிலேயே முறிந்துவிடலாம். எவர்சில்வர், கடினமாக்கிய எஃகைவிட மென்மையானது என்பதால் இன்னும் சீக்கிரம் போய்விடும். கணக்கு உங்களுக்கே தெரிகிறது அல்லவா? பலம் பற்றாமல் போவது அபூர்வம். மிஞ்சிப் போவதுதான் வழக்கம்.

ஆகவே கடையில் பெரிய எண்ணைத் தேடாதீர்கள். பந்தல் வேலை, வீட்டு அலமாரி, கட்டில், கதவுக் கீல் இவற்றுக்கு 12 வோல்ட் மெஷின் தாராளம். பேட்டரியோடு ஒரு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அலமாரிக்குள் தலையை விட்டு வேலை செய்யும்போது அந்த எடையின் அருமை தெரியும். கூரைச் சட்டம், தடிமனான கட்டைகள், நீளமான பெரிய திருகாணிகள் என்று தினமும் செய்பவர்களுக்கு 18 வோல்ட். எதை எடுத்தாலும் கடையில் கையில் பிடித்து, விசையை மெல்ல மெல்ல அழுத்திப் பாருங்கள். கால்வாசி அழுத்தினால் ஆமை வேகத்தில் சுற்றுகிறதா? தொட்டதும் பாய்கிறதென்றால் கீழே வைத்துவிடுங்கள். வேகத்தை இரண்டு மூன்று நிலையாக மாற்றும் பொத்தான் இருந்தால் கொஞ்சம் பணம் கூடக் கொடுக்கலாம். பழகுகிறவர்களுக்கு அந்தக் குறைந்த வேகம் தெய்வம் மாதிரி.

வோல்ட் விஷயத்தில் ஏமாறாதீர்கள். லித்தியம் செல் ஒன்றுக்கு 3.6 வோல்ட், முழுக்கச் சார்ஜ் ஏறியதும் 4.2. ஐந்து செல் வரிசையாகச் சேர்ந்தால் 18 வோல்ட். சில கம்பெனிகள் அதையே "20 வோல்ட் மேக்ஸ்" என்று எழுதுவார்கள். மூன்று செல் சேர்ந்தால் 10.8, அதுதான் "12 வோல்ட் மேக்ஸ்". இதில் பொய் இல்லை, வியாபாரம். ஆனால் ஆன்லைனில் 88, 98 என்று ஒட்டி மலிவாக விற்கிறார்களே, அதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். செல்லுக்கு 3.6 வோல்ட் என்று பார்த்தால் 88 வோல்ட் வர ஏறக்குறைய 24 செல் வரிசையாக இருக்க வேண்டும். செல் ஒன்று ஏறக்குறைய 45 கிராம். பேட்டரி மட்டுமே ஒரு கிலோவைத் தாண்ட வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பேட்டரியில் அது எங்கே இருக்கிறது? எண்ணில் பொய் சொல்கிறவர் உள்ளே போட்ட செல்லிலும் பாதுகாப்புச் சர்க்யூட்டிலும் உண்மையாக இருப்பார் என்று நான் நம்ப மாட்டேன். அந்தப் பேட்டரியைத்தான் ராத்திரி வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குகிறோம்.

இன்னொன்று: மெஷின் வாங்கும்போது நீங்கள் உண்மையில் வாங்குவது பேட்டரிக் குடும்பத்தை. பொதுவாக ஒரு கம்பெனி பேட்டரி மற்றதில் பொருந்தாது. இளைஞர் பிரிவில் நாலு பேர் வாங்கப்போகிறீர்கள் என்றால் பேசிவைத்து ஒரே குடும்பத்தில் வாங்குங்கள். பந்தலில் ஒருவர் பேட்டரி தீர்ந்தால் மற்றவருடையது கைகொடுக்கும். பேட்டரியை வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள்.

பிட் பற்றிச் சொல்லாமல் விட்டால் தவுக்கே என்னைக் கேள்வி கேட்பார். இம்பேக்ட் டிரைவர் ஆறுமுகத் தண்டுள்ள, கால் அங்குல பிட்டைத்தான் ஏற்கும். சிலுவைத் தலையில் இரண்டு வகை உண்டு. திருகாணித் தலையில் சிலுவைக்கு நடுவே மெல்லிய நாலு கோடுகள் இருந்தால் அது பிஇசட். கோடில்லாதது பிஎச். ஒன்றுக்கு மற்றதைப் போட்டால் நழுவி, தலையை மழுங்கடித்துவிடும். ஆறு முனை நட்சத்திரத் தலை கிடைத்தால் அதையே வாங்குங்கள்; நழுவுவது மிகக் குறைவு. பிட்டும் இம்பேக்டுக்கு என்றே செய்ததாக இருக்கட்டும். சாதாரண பிட் அந்த அடியில் உடைந்து தெறிக்கலாம். அதனால் கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். பிட் மாற்றும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். தங்கைகளே, துப்பட்டாவை முடிந்துகொள்ளுங்கள்.

காதையும் மறக்க வேண்டாம். நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு வந்த வேலையிடச் சத்த விதிமுறை, எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபலை எல்லையாக வைத்திருக்கிறது. இந்த மெஷின் அடிக்கத் தொடங்கினால் 90-ஐத் தாண்டும். தகரக் கூரைக்குக் கீழே இன்னும் மோசம்.

தகரம் என்றதும் ஞாபகம் வருகிறது. பந்தல் கூரைக்கு அடிக்கும் ஆறுமுகத் தலை திருகாணியில் ரப்பர் வாஷர் இருக்கும். 8 மில்லிமீட்டர் சாக்கெட் போட்டு இறக்குங்கள். வாஷர் தகரத்தில் படிந்து லேசாக நசுங்கியதும் நிறுத்த வேண்டும். ரப்பர் வெளியே பிதுங்கிவிட்டால் மழை அந்த வழியாகவே உள்ளே வரும். "இன்னும் கொஞ்சம்" என்று அழுத்திய இடம்தான் ஒழுகும்.

கொஞ்சம் கண்டிப்பாகவும் சொல்கிறேன், மோட்டார்சைக்கிள் பக்கம் இதைக் கொண்டுபோகாதீர்கள். என்ஜின் அடியில் எண்ணெய் வடிக்கும் போல்ட் அலுமினியத்தில் ஏறியிருக்கிறது. நான்கு அடியில் மரை போய்விடும், பிறகு பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். சிப்போர்டு அலமாரியில் கீல் திருகாணியைக் கடைசியாகக் கைத் திருப்புளியால் இறுக்குவதே நல்லது. இருபது வருடமாக இதே வேலை செய்யும் நானும் அப்படித்தான் செய்கிறேன்.

இனி பயிற்சி. அடுத்த கோத்தோங் ரோயோங்குக்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மெராந்தி கட்டைத் துண்டு ஒன்று, ஏதாவது கடின மரத் துண்டு ஒன்று, 4 மில்லிமீட்டர் திருகாணி இருபது எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மெராந்தியில் பத்து. பிட்டை நேராக வைத்து, உடம்பு எடையைக் கொஞ்சம் முன்னால் கொடுத்து, மெதுவாகத் தொடங்குங்கள். தலை மரத்தைத் தொடும் முன்பே விரலை எடுங்கள். மீதியைச் சின்னச் சின்னதாக, தொட்டு விட்டு, தொட்டு விட்டு இறக்குங்கள். தலை மரத்தோடு சமமாக நிற்க வேண்டும், புதையக் கூடாது. பிறகு கடின மரத்தில் ஐந்து துளையில்லாமல், ஐந்து 3 மில்லிமீட்டர் துளை போட்டு. துளை திருகாணி இறங்கும் ஆழத்துக்கு இருக்கட்டும். துளையில்லாத ஐந்தில் ஒன்றாவது முறியட்டும் என்றுதான் நான் விரும்புகிறேன். அந்த "டிக்" சத்தத்தைப் படியில் கேட்பதற்குப் பதிலாக மேசையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் மெஷினைக் கீழே வைத்துவிட்டு, கைத் திருப்புளியால் ஒவ்வொரு தலையையும் இறுக்கும் பக்கம் லேசாகத் திருப்பிப் பாருங்கள். அசையாமல் நின்றால் நல்லது. சும்மா சுற்றினால், ஒன்று கழுத்து முறிந்திருக்கிறது, அல்லது மரத்துக்குள் மரை அரைந்து போயிருக்கிறது. அதன்மேல் ஆள் ஏறக் கூடாது. பக்கத்தில் புதிதாகத் துளை போட்டு வேறு திருகாணி இறக்குங்கள். பந்தல் திறக்கும் முன் ஆள் ஏறி நிற்கும் ஒவ்வொரு படியையும் நான் இப்படித்தான் சோதிக்கிறேன். திருப்புளியோடு குனிந்து நடக்கும் என்னைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

தொழில் கற்க விரும்பும் தம்பி தங்கைகள் இந்த வருடம் பந்தல் வேலைக்கு வரும்போது என்னோடு படி வேலைக்கு வாருங்கள். கண்ணாடியும் காதடைப்பானும் நான் கொண்டு வருகிறேன். 3 மில்லிமீட்டர் டிரில் பிட் மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள். போன வருடம் என்னிடம் இருந்த ஐந்தையும் யாரோ வாங்கிப்போய் இன்னும் திருப்பித் தரவில்லை.