டிரிப்ஸ் ஏற்றிய பின் தீராத அரிப்பா?

சம்பா அறுவடை நேரத்தில் தஞ்சைப் பக்கம் உடம்பு அரித்தால் யாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில்லை. நெல் சுணை என்று குளித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால், சில வாரங்களுக்கு முன் ஆபரேஷன், பிரசவம், விபத்து, டெங்கு என்று படுத்து டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டவர் இன்னொரு காரணத்தையும் பார்க்க வேண்டும்: ஸ்டார்ச் கலந்த டிரிப்ஸ்.

ரத்த இழப்பிலோ டெங்கு அதிர்ச்சியிலோ ரத்த அழுத்தம் சரியும்போது, ரத்தக்குழாய்க்குள் நீரைத் தக்கவைக்க ஏற்றப்படுவது ‘ஹைட்ராக்ஸிஎத்தில் ஸ்டார்ச்’. மக்காச்சோளம் அல்லது உருளைக்கிழங்கின் மாவுச்சத்தை, உடல் சீக்கிரம் உடைத்துவிடாதபடி மாற்றித் தயாரிப்பது. உடையாமல் தங்கும் பகுதி தோலிலும் அதன் நுண்நரம்புகளிலும் படிந்தால் அரிப்பு கிளம்பும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐசியுக்களில் 7,000 பேரிடம் நடந்து 2012-ல் வெளியான ‘செஸ்ட்’ ஆய்வில், உப்புநீர் ஏற்றியவர்களைவிட ஸ்டார்ச் ஏற்றியவர்களுக்கு அரிப்பும் அதிகம், டயாலிசிஸ் தேவையும் அதிகம். ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் இதன் விற்பனை அனுமதியையே நிறுத்திவைத்தது.

1. எந்த அரிப்பு என்று பாருங்கள்
சுணை அன்றைக்கே அரிக்கும், குளித்தால் தணியும். சிரங்கு விரலிடுக்கில் தொடங்கி, இரவில் கூடி, வீட்டில் மற்றவருக்கும் தொற்றும். ஸ்டார்ச் அரிப்போ பெரும்பாலும் 1 முதல் 6 வாரம் கழித்துத் தலைகாட்டும். தடிப்போ பருவோ இருக்காது. சொறிந்த கீறல்தான் தெரியும். வெந்நீர்க் குளியல், துணி உரசல் பட்டால் சீறும். மாதக்கணக்கில் நீடிக்கலாம்.

2. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுங்கள்
நம் ஊரில் எந்த டிரிப்ஸ் ஏற்றினாலும் “குளுக்கோஸ் ஏத்தினாங்க” என்பதுதான் பேச்சு. டாக்டருக்கு அது போதாது. சம்மரியிலோ மருந்து பில்லிலோ ‘ஹைட்ராக்ஸிஎத்தில் ஸ்டார்ச்’, ‘6%’, ‘130/0.4’ என்று இருக்கிறதா, எத்தனை பாட்டில் என்று பாருங்கள். அளவு கூடக் கூட அரிப்பு வரும் வாய்ப்பும் கூடும். சாதாரண குளுக்கோஸ், உப்புநீர், ரிங்கர் லாக்டேட் ஆகியவற்றில் ஸ்டார்ச் கிடையாது. காகிதம் தொலைந்திருந்தால் சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் கேளுங்கள்.

3. தோல் மருத்துவரிடம் போங்கள்
தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. தடிப்பில்லாத அரிப்புக்குச் சர்க்கரை, கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு கோளாறுகளும் காரணமாகலாம். ரத்தப் பரிசோதனை அவசியம். சந்தேகம் தீராவிட்டால் தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பார்கள்.

4. அரிப்பைத் தணியுங்கள்
மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் அலர்ஜி மாத்திரை இதற்குப் பெரும்பாலும் கேட்காது. ஸ்டீராய்டு களிம்பை நீங்களாகத் தடவக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் சட்டென்று குளித்து, ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தளர்வான பருத்தி உடை, ஒட்ட வெட்டிய நகம் உதவும். மிளகாயின் காரச்சத்தான கேப்சைசின் கலந்த களிம்பு, புறஊதாக் கதிர் சிகிச்சை ஆகியவற்றை மருத்துவர் பரிந்துரைக்கலாம். அதற்காக வீட்டு மிளகாயை அரைத்துப் பூசிவிடாதீர்கள்!

5. சோற்றைத் தள்ளாதீர்கள்
ஸ்டார்ச் என்றதும் அரிசிக்குப் பத்தியம் வைக்கத் தோன்றும். தேவையில்லை. சோறும் கஞ்சியும் குடலில் சர்க்கரையாக உடைந்த பிறகே ரத்தத்தில் சேர்கின்றன. தோலில் போய்ப் படிவதில்லை.

6. புகார் பதியுங்கள்
மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிய இந்திய அரசின் இலவச எண் 1800-180-3024. நோயாளியே அழைக்கலாம். மருந்தின் பெயர், ஏற்றிய தேதி, அரிப்பு தொடங்கிய தேதி மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

7. அடுத்த முறை முன்கூட்டியே சொல்லுங்கள்
மறுபடி ஆபரேஷன் என்றால் மயக்க மருத்துவரிடம் ஸ்டார்ச் டிரிப்ஸால் அரிப்பு வந்ததைச் சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். டிரிப்ஸ் ஓடும்போதே தடிப்பும் மூச்சுத் திணறலும் வந்தால் அது வேறு ஆபத்து, உடனடி ஒவ்வாமை. அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள்.