ஏக்கருக்கு எத்தனை மூட்டை ஜிப்சம்? மோல் கணக்கு சொல்லும் பதில்

கடலூர் மாவட்டத்தில் நிலக்கடலை போடுகிறவர்களுக்கு ஜிப்சம் புதிதல்ல. பூ பிடித்து விழுது இறங்கும் நேரத்தில் ஏக்கருக்கு 160 கிலோ போட்டு மண் அணைக்கிறோம். அதே பழக்கத்தில், வயல் களராகிப் போச்சு என்றதும் நாலு மூட்டை ஜிப்சத்தை வீசிவிட்டு, "போட்டாச்சு, ஒண்ணும் கேக்கலை" என்று சொல்பவர்கள் நிறைய. ஜிப்சம் கேட்காமல் இல்லை. கணக்குதான் பற்றவில்லை. அந்தக் கணக்கு, பத்தாம் வகுப்பில் நாம் பயந்து ஓடிய 'மோல்' கணக்குதான்.

உவரா, களரா?

முதலில் இதைப் பிரிக்க வேண்டும். உவர் என்றால் மண்ணில் உப்பு கரைந்து கிடக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் பரங்கிப்பேட்டை, கிள்ளை பக்கம் வயலுக்குள் ஏறியது இந்த உப்பு. கோடையில் வெள்ளாறு, உப்பனாறு, கொள்ளிடம் வழியாக மேலேறி வருவதும் இதுதான். நல்ல மழையும் வடிகாலும் இருந்தால் கழுவிப் போய்விடும், ஜிப்சம் தேவையில்லை.

களர் வேறு. உப்பு கழுவிப் போன பிறகும் சோடியம் களிமண் துகளோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். மண் நனைந்தால் சேறாகக் குழம்பும், காய்ந்தால் பாறையாக இறுகும், தண்ணீர் உள்ளே இறங்காது. பி.எச். 8.5க்கு மேல் இருக்கும். இந்தச் சோடியத்தைப் பிடித்துத் தள்ள ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் ஜிப்சத்தில் உள்ள கால்சியம்.

மோல் என்பது எண்ணிக்கை

வங்கியில் சில்லறைக் காசு மூட்டையை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்க முடியாது. ஒரு காசின் எடை தெரிந்தால், மூட்டையை எடை போட்டு எண்ணிக்கை சொல்லிவிடலாம். அணுவுக்கும் அதே வழிதான். டஜன் என்றால் 12. மோல் என்றால் 6.022க்குப் பின் 23 தானம் தள்ளி வரும் எண். அதுதான் அவகாட்ரோ எண். அந்த எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம். எடை தெரிந்தால் போதும்:

ஒரு மோல் சோடியம்: 23 கிராம்.
ஒரு மோல் கால்சியம்: 40 கிராம்.
ஒரு மோல் ஜிப்சம்: கால்சியம் 40, கந்தகம் 32, ஆக்ஸிஜன் நான்கு 64, உள்ளே இருக்கும் தண்ணீர் 36. ஆக 172 கிராம்.

இன்னொரு விஷயம். சோடியம் ஒரு ரூபாய் காசு என்றால், கால்சியம் இரண்டு ரூபாய் காசு. அதன் மின்சுமை 2. ஆகவே ஒரு கால்சியம் உள்ளே வந்தால் இரண்டு சோடியம் வெளியே போகும். மண் அறிக்கையில் 'மில்லி ஈக்விவலன்ட்' என்று வருவது இந்த ரூபாய் மதிப்புதான். எடை கிடையாது.

ஒரு ஏக்கருக்குப் போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு, 100 கிராம் மண் மொத்தம் 20 மில்லி ஈக்விவலன்ட் பிடிக்கும். அதில் சோடியம் மட்டும் 5 என்று வைத்துக்கொள்வோம். அதாவது 25 விழுக்காடு. 15க்கு மேல் போனாலே களர். இதை 10 விழுக்காட்டுக்கு, அதாவது 2க்கு, இறக்க வேண்டும். வெளியேற வேண்டியது 3.

1. ஒரு ஏக்கரில் 15 செ.மீ. ஆழ மண் சுமார் 9 லட்சம் கிலோ.
2. 100 கிராமுக்கு 3 மில்லி ஈக்விவலன்ட் என்றால், கிலோவுக்கு 0.03 மோல் சோடியம்.
3. 9 லட்சம் × 0.03 = 27,000 மோல் சோடியம்.
4. அதில் பாதி, 13,500 மோல் ஜிப்சம் தேவை.
5. 13,500 × 172 கிராம் = 2,322 கிலோ.

இது சுத்தமான ஜிப்சத்துக்கு. மூட்டையில் தூய்மை 70 விழுக்காடு என்றிருந்தால் 2,322ஐ 0.70ஆல் வகுக்கணும். 3,317 கிலோ வரும். 50 கிலோ மூட்டையில் 67 மூட்டை.

இப்போது கடலைக்குப் போடும் 160 கிலோவைப் பாருங்க. 70 விழுக்காடு தூய்மையில் அது தள்ளுவது 0.14 மில்லி ஈக்விவலன்ட். தேவை 3. ஏன் கேட்கவில்லை என்பது புரிகிறதல்லவா?

தண்ணீருக்கும் கணக்கு உண்டு

ஜிப்சம் லிட்டருக்குச் சுமார் 2.4 கிராம்தான் கரையும். 2,322 கிலோ கரைய ஏறக்குறைய 9.7 லட்சம் லிட்டர் வேண்டும். ஏக்கர் முழுக்க 24 செ.மீ. தண்ணீர்! ஒரு பாய்ச்சலில் முடியாது. வரப்பை உயர்த்தி, ஜிப்சத்தை மேல் மண்ணில் கலந்து, நல்ல தண்ணீர் நிறுத்தி, சில நாளில் வடித்து, மறுபடி நிறுத்த வேண்டும். வடகிழக்குப் பருவமழை நமக்குக் கொடுக்கும் வாய்ப்பு இதுதான்.

வடிகால் இல்லாத வயலில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். 27,000 மோல் சோடியம் என்பது 621 கிலோ. அது சோடியம் சல்பேட்டாகக் கரைந்து நிற்கும். வெளியே போக வழியில்லாவிட்டால் காசு போனதுதான் மிச்சம்.

தக்கைப்பூண்டு போதாதா?

மண்ணிலேயே சுண்ணாம்பு இருந்தால் ஓரளவு உதவும். வேரும் மட்கும் பொருளும் விடும் கரியமிலவாயு அந்தச் சுண்ணாம்பைக் கரைத்துக் கால்சியத்தை விடுவிக்கும். ஆனால் மெதுவாக, வருடக்கணக்கில். ஜிப்சம் போட்டு வடித்த பிறகு தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்.

சான்றிதழ் வைத்திருப்பவர்கள் ஜிப்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு வாங்குங்கள். பூமியில் வெட்டியெடுத்த ஜிப்சம் வேறு, உரத் தொழிற்சாலைக் கழிவாக வரும் பாஸ்போ ஜிப்சம் வேறு. வாங்கும் முன் சான்றளிப்பு அலுவலரிடம் உறுதி செய்துகொள்வது நல்லது.

கடைசியாக ஒன்று. சாதாரண மண் பரிசோதனையில் பி.எச்., உப்பு, தழை, மணி, சாம்பல் மட்டும் வரும். "ஒட்டியிருக்கும் சோடியமும், மண் பிடிக்கும் மொத்த அளவும் வேணும்" என்று கேட்டு வாங்குங்கள். அந்த இரண்டு எண் கையில் இருந்தால், மேலே உள்ள ஐந்து வரியில் உங்கள் வயலுக்கான மூட்டைக் கணக்கை நீங்களே போட்டுவிடலாம். லாரிக்குச் சொல்வதற்கு முன்னால் போட்டுப் பாருங்கள்.