வடலூர் வள்ளலாரும் நல்லூர் நாவலரும்

சைவபாடங் கற்பிக்கும் ஆசிரியர்க்கு அறியாமையினும் அரைகுறை அறிவே பெரும்பகையாகும். இதனை நாம் பிறர்பாற் கேட்டறிந்தோமல்லோம். நம் பிழையாலேயே அறிந்தோம்.

2016ஆம் ஆண்டில், கிளிநொச்சிப் பகுதியிலுள்ள ஒரு பாடசாலையில், நாவலரவர்களுடைய சரித்திரத்தை மாணாக்கர்க்குச் சொல்லிவந்தோம். அருட்பா மருட்பா விவகாரம் வந்தவிடத்து, இராமலிங்க சுவாமிகளுடைய பாடல்கள் மருட்பாவே என ஒரு வார்த்தையிற் கூறி அப்பாற் சென்றோம். அப்பொழுது ஒரு மாணாக்கி எழுந்து, "ஐயா, 2009ஆம் ஆண்டு செட்டிகுளம் முகாமிலே சாப்பாட்டு வரிசையில் நிற்கும்பொழுது அம்மம்மா அருட்பாத்தான் பாடிக்கொண்டு நிற்பா. அது பிழையோ?" என்று வினாவினாள். நாம் விடையின்றி நின்றோம்.

நாம் இளமையில் மிஷன் பாடசாலையிற் பயின்றவர். ஒரு நூலை மறுக்கப் புகுமுன் அதனை முழுதும் வாசித்தல் வேண்டுமென்பது ஆங்கு நாம் கற்ற நல்லொழுக்கங்களுள் ஒன்று. நாவலரவர்களும் யாழ்ப்பாணத்து வெசுலியன் மிஷன் பாடசாலையிற் கற்று, ஆங்கே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்கு உதவி, கிறித்து சமய நூல்களை நன்கறிந்த பின்னரே கண்டனம் எழுதப் புகுந்தார். நாமோ திருவருட்பாவைத் திறந்தும் பாராது அதனை இகழ்ந்தோம். அன்று தொட்டு வாசித்தறிந்தவற்றை ஆசிரியர்களுக்குப் பயன்படுமாறு ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இராமலிங்க சுவாமிகள் 1823ஆம் ஆண்டு ஒக்டோபர் 5ஆந் திகதி சிதம்பரத்துக்கு அணித்தாய மருதூரிற் பிறந்தார். தந்தையார் இராமையாபிள்ளை, தாயார் சின்னம்மையார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையாரை இழந்து, சென்னையிலே தமையனார் சபாபதிபிள்ளையின் ஆதரவில் வளர்ந்தார். கந்தகோட்டத்து முருகப்பெருமானையும் திருவொற்றியூர்ச் சிவபெருமானையும் பாடிய அவர், திருஞானசம்பந்த சுவாமிகளைத் தம் குருவாகப் போற்றினார். சமயகுரவர் நால்வர்மீதும் அருண்மாலைகள் பாடினார். ஆதலின் அவருடைய முற்பகுதிப் பாடல்கள் சைவபத்தியிற் பிறந்தனவே.

1867ஆம் ஆண்டு மே 23ஆந் திகதி வடலூரிலே சத்திய தருமசாலையை நிறுவினார். பசித்து வந்தோர்க்குச் சாதிசமய பேதம் பாராது அன்னமிடுதலே அதன் நோக்கம். அங்கு மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது எரிகின்றது. 1872ஆம் ஆண்டு ஜனவரி 25ஆந் திகதி சத்திய ஞானசபையிற் சோதி வழிபாடு தொடங்கிற்று. 1874ஆம் ஆண்டு ஜனவரி 30ஆந் திகதி மேட்டுக்குப்பத்தில் ஓர் அறையினுட் புகுந்து கதவடைத்தார்; அதன்பின் அவரைக் கண்டாரிலர்.

இனி, பிணக்கு யாது? 1867ஆம் ஆண்டில் அவருடைய மாணாக்கர் தொழுவூர் வேலாயுத முதலியார் அப்பாடல்களைத் திருமுறைகளாக வகுத்து, முதல் நான்கனையும் 'திருவருட்பா' எனப் பெயரிட்டு வெளிப்படுத்தினார். திருமுறை என்னும் பெயர் சைவர்க்குப் பன்னிரண்டாக வரையறைப்பட்டது. சந்நிதியில் ஓதுதற்குரியன தேவாரம் முதலியனவேயன்றி, வாழ்ந்துகொண்டிருக்கும் ஒருவருடைய பாடல்கள் அவற்றோடு ஒப்பவைக்கப்படலாகாதென்பது நாவலரவர்களுடைய துணிபு. 'போலியருட்பா மறுப்பு' என்னுங் கண்டனம் எழுந்தது. 1869ஆம் ஆண்டில் அவதூறு வழக்கொன்று மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தை அடைந்தது. இருவருக்குப் பின்னரும், நா. கதிரைவேற்பிள்ளை ஒருபுறமும் மறைமலையடிகள் மறுபுறமுமாக அப்போர் நீண்டது. இசுலாமியராகிய செய்குத்தம்பிப் பாவலரும் அருட்பாவின் பக்கத்தே நின்று பேசினார். கதிரைவேற்பிள்ளையின் மாணாக்கராகிய திரு. வி. கலியாணசுந்தர முதலியாரோ பிற்காலத்தில் வள்ளலாரைப் போற்றுவாராயினார்.

கொள்கையளவிலும் வேற்றுமை உண்டு. அதனை மறைத்தல் தகாது. வள்ளலார் தம் இறுதிக் காலத்தில் சாதிகளையும் சமயங்களையுங் கடந்த சன்மார்க்கத்தைப் போதித்தார். இவ்வுடம்போடு மரணத்தை வெல்லலாமென்றார். இறந்தோரைத் தகனஞ் செய்யாது அடக்கஞ் செய்க என்றார். சைவசித்தாந்தமோ உடம்பு மாயையின் காரியமென்றும், ஆன்மா மலநீங்கித் திருவடி சேர்தலே முத்தியென்றுங் கூறும். இவ்விரண்டும் ஒன்றென்று சமாதானஞ் சொல்லுதல் இருவருக்குஞ் செய்யும் அநீதியாம்.

ஆயினும் ஒன்றை ஆசிரியர்கள் மறவாதிருத்தல் வேண்டும். வடலூரில் அடுப்பு மூட்டப்பட்டுப் பத்தாண்டு கழிந்தபின், 1877ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திற் பஞ்சமும் கொள்ளைநோயும் வருத்தியபொழுது, நாவலரவர்கள் கஞ்சித்தொட்டித் தருமத்தை நடத்தி ஏழைகளைக் காத்தார்கள். ஏட்டினால் எதிர்நின்ற இருவரும் அடுப்பினால் ஒன்றுபட்டனர். ஒருவர் சீவகாருணியம் என்றார். மற்றவர் சிவபுண்ணியம் என்றார். பசித்தவன் கையேந்திப் பெற்றது உணவே.

ஆகவே வகுப்பில் மூன்றனைக் கடைப்பிடித்தல் நலம். முதலாவது, ஆண்டும் இடமும் பெயரும் பிழையறச் சொல்லுக. இரண்டாவது, வழிவழி வருங் கதையைக் கதையென்றே சொல்லுக: நீதிமன்றத்துள் வள்ளலார் புகுந்தபொழுது நாவலரே எழுந்து வணங்கினாரென்பது அன்பர் கூறுங் கதை, சோதியிற் கலந்தாரென்பது அன்பர்தம் நம்பிக்கை. அவற்றை இகழவும் வேண்டா. சரித்திரமென்று எழுதுவிக்கவும் வேண்டா. மூன்றாவது, கொள்கை வேற்றுமையைக் காரணத்தோடு கூறுக. வசைமொழியை நாவிற் கொள்ளற்க. வீட்டிலுள்ள முதியோரின் பத்தியை இகழக் கேட்ட பிள்ளை அம்முதியோரை வெறுப்பதில்லை. ஆசிரியரையும் அவர் கற்பிக்குஞ் சமயத்தையுமே வெறுக்கும். அகதியாய் அலைந்து, உற்றாரை இழந்து, பாட்டொன்றையே கைப்பொருளாகக் கொண்டு மீண்ட குடும்பங்கள் வாழும் இவ்வன்னி நிலத்தில் இது பின்னும் மெய்யாகும்.

அடுத்த கிழமை அவ்வகுப்பிலே நம் பிழையை ஒப்புக்கொண்டு அம்மாணாக்கிக்கு விடை கூறினோம்: "பிள்ளாய், கோயிலிற் பூசை முடிவிலே பஞ்சபுராணம் ஓதுக; அது நம் மரபு. அம்மம்மா பசிவேளையிலே கடவுளை நினைந்து பாடியது பிழையன்று. வாசியாது பேசிய எம்முடைய வார்த்தையே பிழை." அவள் தலையசைத்து அமர்ந்தாள். வகுப்பில் அதுகாறும் வாய்திறவாதிருந்த இன்னும் இருவர் தத்தம் வீட்டில் அருட்பா பாடுவதுண்டென்று அன்று சொன்னார்கள்.

2022ஆம் ஆண்டு டிசெம்பரில் நாவலரவர்களுக்கும் 2023ஆம் ஆண்டு ஒக்டோபரில் வள்ளலாருக்கும் இருநூறாண்டு நிறைந்தன. பத்துமாத இடைவெளியிற் பிறந்த இருவரையும் உள்ளவாறு அறிந்து கற்பித்தல் ஆசிரியர் கடன். சிவபெருமான் திருவருள் துணைநிற்க.