புல்வெளியில் ஓர் ஊர்

அமெரிக்க நாட்டின் நடுமேற்குப் பகுதியில் உள்ள கான்சஸ் மாநிலத்தில், கோதுமை வயல்களுக்கு நடுவே நிக்கோடிமஸ் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 14 பேர். ஒரு வகுப்பறையின் பாதியைக்கூட நிரப்பாத இவ்வெண்ணிக்கைக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு உண்டு.

1865இல் அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குச் சொந்த நிலம் இல்லை. தாம் அடிமைகளாய் உழைத்த மண்ணில் அச்சமின்றி வாழவும் இயலவில்லை. அரசு நிலத்தில் ஐந்தாண்டுகள் குடியிருந்து பயிரிட்டால் 160 ஏக்கர் உரிமையாகும் என்னும் சட்டம் 1862இலேயே இயற்றப்பட்டிருந்தது. கான்சஸில் தங்களுக்கென ஓர் ஊர் அமைகிறது என்பதை அறிந்து, 1877 செப்டம்பரில் கென்டக்கி மாநிலத்திலிருந்து ஏறத்தாழ முந்நூறு பேர் வந்தனர். எல்லிஸ் என்னும் ஊர்வரை ரயில். அதற்குமேல் இரண்டு நாள் நடை.

வந்தவர்கள் தேடிய ஊர் அங்கே இல்லை. வீடுகள் இல்லை, மரங்களும் அரிது. முன்னரே வந்த சிலர் தரையைக் குடைந்து குழிவீடுகளில் வாழ்ந்தனர். மண்ணுக்குள்ளிருந்து எழுந்த புகையே அங்கு மனிதர் வாழ்வதற்கு அடையாளம். மனமுடைந்த பலர் திரும்பிச் சென்றனர். அவர்களைக் குறைகூற இயலாது. தங்கியவர்கள் விறகின்றிக் காய்ந்த காட்டெருமைச் சாணத்தை எரித்துக் குளிர் காய்ந்தனர். வேட்டை முடித்துத் திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் அளித்த உணவால் முதற் குளிர்காலத்தைக் கடந்ததாக அவ்வூரார் வழிவழியாகக் கூறுவர்.

பத்தாண்டுகளுக்குள் தேவாலயங்கள், பள்ளி, விடுதிகள், கடைகள், இரண்டு செய்தித்தாள்கள் எனக் குடியிருப்பு வளர்ந்தது. அங்கு குடியேறிய எட்வர்ட் மெக்கேப் 1882இல் மாநிலக் கணக்குத் தணிக்கையாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அடுத்து வேண்டியது ரயில் ஒன்றே. அதற்காக 1887இல் 16,000 டாலர் கடன்பத்திரம் வழங்க ஊரார் ஒப்புதல் அளித்தனர். ஆனால் 1888இல் இருப்புப்பாதை சாலமன் ஆற்றின் மறுகரையில் போடப்பட்டது. கடைகள் பாதையை நாடிச் சென்றன. போக் என்னும் வேறோர் ஊர் வளர்ந்தது. 1930களின் வறட்சியும் புழுதிப் புயல்களும் எஞ்சியோரையும் வாட்டின. 1950இல் 16 பேரே இருந்தனர். 1953இல் அஞ்சலகமும் பின்னர்ப் பள்ளியும் மூடப்பட்டன.

1996இல் இவ்வூர் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஆண்டுதோறும் சூலை மாத இறுதியில் விடுதலைத் திருநாள் கொண்டாடப்படுகிறது. நாடெங்கும் பிரிந்து வாழும் பேரன் பேத்தியர், ஒருநாள்கூட அங்கு குடியிருந்திராதவர்களும், அந்நாளில் ‘எங்கள் ஊர்’ என்றே வந்து கூடுகின்றனர்.

சொற்பொருள்: குடைந்து – தோண்டி, வழிவழியாக – தலைமுறை தலைமுறையாக, இருப்புப்பாதை – தண்டவாளம்.

பயிற்சி
1. எல்லிஸிலிருந்து நடந்து வந்தவர்கள் கண்ட காட்சியை எழுதுக.
2. ஆற்றின் மறுகரையில் போடப்பட்ட இருப்புப்பாதை அவ்வூரை எவ்வாறு பாதித்தது?
3. உம் குடும்பத்தார் சொந்த ஊருக்கு எந்த விழாவிற்குச் செல்கின்றனர்? பெரியோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.