மழை வருகிறது: தடுப்புப் பம்ப்பை நிறுத்தாதீர்கள்

அக்டோபர் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிடும். பள்ளியில் பரவும் சளி, ஈரச் சுவரில் பூக்கும் பூஞ்சை, தீபாவளிப் புகை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். குழந்தைகள் வார்டில் வீசிங் கேஸ்கள் கூடுவதும் இந்தச் சமயத்தில்தான். படுக்கையை வெயிலில் போடுங்கள். கொசுவர்த்தி, சாம்பிராணி, பீடி, சிகரெட் புகை வீட்டுக்குள் வேண்டாம். ஆஸ்துமா பம்ப்பின் காலாவதித் தேதியைப் பாருங்கள். பம்ப்போடு பொருத்தும் ஸ்பேசரைச் சோப்பு நீரில் கழுவி, துணியால் துடைக்காமல் தானாக உலர விடுங்கள். துடைத்தால் உள்சுவரில் மின்னேற்றம் உண்டாகி மருந்து அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

இத்தனையும் செய்துவிட்டு, தினமும் இழுக்க வேண்டிய தடுப்புப் பம்ப்பை, அதாவது ஸ்டீராய்டு பம்ப்பை மட்டும் நிறுத்திவிடுகிறீர்கள். போன மழைக்காலத்தில் மூச்சுத் திணறி வந்த பிள்ளைகளின் கேஸ் தாள்களில் திரும்பத் திரும்பத் தென்பட்டது இதுதான். “நன்றாகத்தானே இருக்கிறான், எதற்கு மருந்து?” என்கிறீர்கள். அந்த மருந்தால்தான் நன்றாக இருக்கிறான். இளைப்பு இல்லாத நாளிலும் மூச்சுக்குழாயின் உள்சுவரில் அழற்சி இருக்கும்; இளைப்பு வந்தால் இழுக்கும் சால்பியூட்டமால் குழாயை விரிக்குமே தவிர அழற்சியைத் தணிக்காது. கனடாவின் சஸ்காச்சுவான் மாநில நோயாளிகளை வைத்து 2000-இல் வெளியான ஆய்வில், ஓராண்டில் கூடுதலாகப் பயன்படுத்திய ஒவ்வொரு ஸ்டீராய்டு பம்ப்புக்கும் ஆஸ்துமா மரண விகிதம் 21 சதவீதம் குறைந்திருந்தது. பம்ப்பை நிறுத்திய முதல் மூன்று மாதங்களில் மரணம் கூடியிருந்தது. நிறுத்தாதீர்கள். குறைப்பதானாலும் டாக்டர்தான் குறைக்க வேண்டும்.

ஸ்டீராய்டு வளர்த்தியைக் கெடுக்கும் என்ற பயம் பொய்யல்ல. வட அமெரிக்காவில் சில ஆண்டுகள் தினமும் புடசோனைடு என்ற ஸ்டீராய்டை இழுத்த பிள்ளைகள், பெரியவர்களானபோது இழுக்காதவர்களைவிடச் சராசரியாக 1.2 செ.மீ. உயரம் குறைந்திருந்தார்கள். இழப்பு அவ்வளவுதான். பம்ப்பில் போவது மைக்ரோகிராம் கணக்கு, அதுவும் நேரே நுரையீரலுக்கு. இளைப்பு முற்றி வார்டில் சேர்த்தால் வாய்வழி கொடுக்கும் பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டு மில்லிகிராம் கணக்கு, உடம்பு முழுக்கப் பரவும். பம்ப்புக்குப் பயந்து பெரிய அளவை வரவழைத்துக்கொள்வதில் என்ன நியாயம்? பம்ப் பழக்கமாகிவிடும் என்பதும் தவறு. அது போதை மருந்தல்ல. பம்ப் கொடுக்கும்போது ஸ்பேசரின் முகமூடியை மூக்கும் வாயும் மூட அழுத்தி, ஒரு தடவைக்கு ஒரே அழுத்து, ஐந்தாறு மூச்சு. முடிந்ததும் வாய் கொப்பளிக்க வையுங்கள்.

அப்படியும் இளைப்பு முற்றிச் சேர்க்க நேர்ந்தால், வார்டில் ஆக்சிஜன் கொடுப்பார்கள். முதல் ஒரு மணி நேரம் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சால்பியூட்டமால். கடுமையானால் இப்ராட்ரோபியமும் மெக்னீசியமும். ஆன்டிபயாட்டிக் ஊசி போடச் சொல்லிச் சண்டை பிடிக்காதீர்கள், பெரும்பாலும் தேவைப்படாது. வீட்டில் விலா உள்ளிழுத்தால், ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டால், பால் குடிக்கத் திணறினால், உதடு நீலம் பூத்தால் 108-ஐ அழையுங்கள். திணறிய பிள்ளை சோர்ந்து, இழுப்புச் சத்தமும் அடங்கினால் தூங்கவிடாதீர்கள்: காற்றே உள்ளே போகவில்லை. நிமிர்த்தி உட்காரவைத்து, வண்டி வரும்வரை ஸ்பேசரில் சால்பியூட்டமாலை ஒவ்வொரு அழுத்தாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.